இறக்கை வைத்த குதிரை



மேலப்பாளையத்தில் எங்கள் தெருவில், அஸர் தொழுகை முடிந்ததும் பெண்கள் திண்ணையில் முறத்தோடு அமர்ந்துவிடுவார்கள். முறத்தில் பீடி இலை, தூள், நூல், கத்தரி. வாய் ஊர்க்கதை பேசும். விரல்கள் தம்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். சென்ற மாதம் ஒரு நாள், அந்த வரிசையிலிருந்து இளம்பெண் ஒருத்தி எழுந்து என் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு துணிப்பை.

“மாமி, உங்ககிட்ட ரெண்டு விஷயம் கேக்கணும்” என்றாள்.

பையிலிருந்து அவள் எடுத்து வைத்தது ஓர் ஆட்டுக்குட்டி. கொக்கி ஊசியால் உல்லன் நூலில் பின்னிப் பஞ்சடைத்த பொம்மை. வெள்ளை உடல், கறுப்புக் குளம்பு, தொங்கும் காது. இடுப்பில் நீலக் கட்டம் போட்ட சின்னஞ்சிறு சாரம். அதையும் முழங்கால் தெரிய மடித்துக் கட்டிவிட்டிருந்தாள். செவ்வாய்க்கிழமைச் சந்தைக்குப் புறப்பட்ட பெரியவரைப்போல அது நின்றது. ஆடே ஆடு வாங்கப் போகிறதே என்று நான் சிரித்துவிட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. முதல் கேள்வி, இதை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்பது. உருவப் பொம்மை வீட்டுக்கு ஆகாது என்று மாமியார் சொல்லிவிட்டாராம். இரண்டாவது கேள்வி, கடைக்காரர் ஒருவர் இதைப்போல இருபது பொம்மைகள் கேட்கிறார், ஒன்றுக்கு நூற்றிருபது ரூபாய் தருவார், நூலும் பஞ்சும் நம் பொறுப்பு, ஒத்துக்கொள்ளலாமா என்பது.

முதல் கேள்விக்கு உடனே விடை சொல்ல முடிந்தது. இரண்டாவதற்கு எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. இரண்டு விடைகளையும் இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். நடுவில் ஒரு பொம்மையையும் பின்னிவிடுவோம்.

வைத்துக்கொள்ளலாமா?

உருவங்களைப் பற்றி மார்க்கத்தில் எச்சரிக்கை உண்டு என்பது நாம் அறிந்ததே. ஆகவே அந்த மாமியாரின் தயக்கத்தை யாரும் ஏளனம் செய்ய வேண்டாம். ஆனால் குழந்தைகளின் விளையாட்டுப் பொருளைப் பற்றித் தனியாகச் செய்திகள் வந்துள்ளன. அவற்றுள் இரண்டு, நமது இன்றைய கைவேலையோடு நெருங்கிய தொடர்புள்ளவை.

முதலாவது, அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிப்பதாக அபூதாவூதில் பதிவாகியுள்ளது. நபி (ஸல்) அவர்கள் ஒரு போரிலிருந்து திரும்பியிருந்த வேளையில், காற்று வீசித் திரை விலக, அன்னையாரின் பொம்மைகள் தென்பட்டன. அவற்றின் நடுவே ஒரு குதிரை. அதற்குத் துண்டுத் துணியால் இரண்டு இறக்கைகள். குதிரைக்கு இறக்கையா என்று நாயகம் (ஸல்) அவர்கள் வினவினார்கள். சுலைமான் நபியிடம் இறக்கையுள்ள குதிரைகள் இருந்ததைத் தாங்கள் கேள்விப்படவில்லையா என்று அன்னையார் திருப்பிக் கேட்டார்கள். கடைவாய்ப் பற்கள் தெரியுமளவுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் சிரித்தார்கள்.

இரண்டாவது, ருபைய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி. புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. ஆஷூரா நோன்பின்போது சிறுவர்களையும் நோன்பிருக்கச் செய்வார்கள். அவர்களுக்காகக் கம்பளியால் விளையாட்டுப் பொருள் செய்து வைத்திருப்பார்கள். குழந்தை பசித்து அழுதால் நோன்பு திறக்கும் வேளைவரை அதைக் கொடுத்துத் தேற்றுவார்கள். கம்பளியால் பொம்மை செய்து பிள்ளையைத் தேற்றிய தாய்மார்கள் மதீனாவிலேயே இருந்திருக்கிறார்கள் என்பதைப் படிக்கையில், நம் கையிலிருக்கும் ஊசிக்கும் ஒரு மதிப்பு வந்துவிடுகிறது.

இவற்றை ஆதாரமாகக் கொண்டு, சிறுவர்கள் விளையாடும் பொம்மைகளை அறிஞர்களில் பெரும்பாலோர் அனுமதித்துள்ளனர். அலங்காரத்துக்காக அலமாரியில் அடுக்கி வைப்பது வேறு, பிள்ளை கையில் புரண்டு அழுக்காவது வேறு. அனுமதிக்காத அறிஞர்களும் உண்டு. மனம் ஒப்பாதவர்கள் தம் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். கண்ணும் வாயும் வைக்காமல் முகத்தை வெறுமையாக விட்டுவிடும் வழக்கமும் பல வீடுகளில் இருக்கிறது. குழந்தை அதைக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. சிரிப்பதாகவும் அழுவதாகவும் தானே வைத்துக்கொள்கிறது.

ஊசி வந்த வழி

குரோஷா என்பது பிரெஞ்சுச் சொல். சிறு கொக்கி என்பது அதன் பொருள். நுனியில் கொக்கியுள்ள ஒரே ஊசி; ஒரு நேரத்தில் ஒரே ஒரு கண்ணி. இவ்வளவுதான் இந்தக் கலையின் முதலீடு. 1840களில் அயர்லாந்தை உருளைக்கிழங்குப் பஞ்சம் வாட்டியபோது, அந்நாட்டுப் பெண்கள் இந்தக் கொக்கி ஊசியால் லேஸ் பின்னி விற்றுக் குடும்பத்தைக் காத்தார்கள்.

நம் தென்கோடியிலும் லேஸ் வேலைக்கு ஒரு வரலாறு உண்டு. 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த மிஷனரித் தம்பதியர் சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட். மார்த்தா அம்மையார் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியில் லேஸ் பின்னக் கற்பித்தார். திருவிதாங்கூரில் அப்போது அடிமை முறை இருந்தது. 1855இல்தான் அது சட்டப்படி ஒழிந்தது. அடிமைகளாகப் பிறந்த பெண்பிள்ளைகள், தாம் பின்னிய லேஸின் வருவாயைக் கொடுத்துத் தம் விடுதலையை வாங்கிக்கொண்டார்கள். அந்தத் தம்பதியரின் மகள் எலைசா, 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து நம் திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடிக்கு வந்தார். அங்கும் பெண்களுக்குப் பள்ளி வந்தது. லேஸ் வேலையும் வந்தது. அது திண்டின்மேல் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் பின்னும் வகை. நமது கொக்கி ஊசி வேறு வகை. ஆனாலும், நூல் வேலையின் கூலி ஒரு பெண்ணுக்கு விடுதலையே வாங்கித் தந்த கதை நமக்கு மிக அருகில் நடந்திருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். கூலியைப் பற்றிப் பேசும்போது மீண்டும் அங்கே வருவோம்.

நம் வீடுகளில் குரோஷா முதலில் மேசை விரிப்பாகவும் டி.வி. பெட்டிக்கு உறையாகவும் வந்தது. அதற்கும் மேலாக, தொழுகைத் தொப்பியாக வந்தது. வலைத்தொப்பியைக் கையிலெடுத்து உச்சியைப் பாருங்கள். ஒரு சிறு வளையத்தில் தொடங்கி, சுற்றுக்குச் சுற்று கண்ணி கூடி, வட்டம் விரிந்து, பிறகு கூடாமல் நேராக இறங்கும். கண்ணிகளைக் கூட்டிக்கொண்டே போனால் தட்டையான விரிப்பு. கூட்டி நிறுத்தினால் தொப்பி. கூட்டி, நிறுத்தி, மீண்டும் குறைத்தால் பந்து. அந்தப் பந்துக்குள் பஞ்சடைத்தால் பொம்மையின் தலை. ஜப்பானியர் இவ்வகைப் பொம்மைகளை அமிகுருமி என்பர். அந்தப் பெயர் இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. தொப்பி பின்னத் தெரிந்தவர் இதைப் புதிதாகக் கற்க வேண்டியதில்லை.

குதிரையைப் பின்னுவோம்

ஆட்டுக்குட்டியைக் கொண்டுவந்த பெண்ணுக்கும் எனக்கும், அன்னையாரின் குதிரையை நினைத்து ஒரு குதிரை செய்யலாமே என்று தோன்றியது. இறக்கையும் சேணமும் அதன் உடுப்பு. கழற்றி மாட்டலாம்.

தேவையானவை: 2.5 மி.மீ. கொக்கி ஊசி. உடலுக்கு ஒரே நிறத்தில் 50 கிராம் நூல் உருண்டை ஒன்று. பிடரி, வால், சேணம், இறக்கை ஆகியவற்றுக்கு வேறு இரண்டு நிறங்களில் சிறிதளவு. பஞ்சு. தைக்க முனை மழுங்கிய பெரிய ஊசி. கடையில் உல்லன் என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது அக்ரிலிக் நூல்தான். நம் வெயிலுக்கும், எதையும் வாயில் வைக்கும் பிள்ளைக்கும் பருத்தி நூல் நல்லது. இலவம் பஞ்சு நனைந்தால் கட்டி தட்டும், காயவும் நாளாகும். அடிக்கடி துவைக்க வேண்டிய பொம்மைக்குத் தலையணைக் கடையில் கிடைக்கும் பாலியஸ்டர் பஞ்சே ஏற்றது.

எல்லாம் ஒற்றைக் கண்ணியில்தான். சுற்றை மூடாமல் சங்குபோலச் சுற்றிச் சுற்றிப் போக வேண்டும். ஒவ்வொரு சுற்றின் முதல் கண்ணியிலும் வேறு நிற நூல் துண்டொன்றைச் செருகி வையுங்கள். இல்லையேல் எண்ணிக்கை தவறும்.

உடல்: வளையத்தில் 6 கண்ணி. அடுத்தடுத்த சுற்றுகளில் ஆறு ஆறாகக் கூட்டி 12, 18, 24, 30, 36. பிறகு 12 சுற்றுகள் 36 கண்ணியாகவே போகட்டும். பிறகு ஆறு ஆறாகக் குறைத்து 30, 24, 18, 12, 6. வாய் குறுகுமுன்பே பஞ்சை அடைத்துவிடுங்கள். சிறு சிறு துணுக்காகப் பிய்த்து, ஓரத்திலிருந்து நடுவுக்கு அடைத்தால் மேடுபள்ளம் வராது.

தலை: மூக்கிலிருந்து தொடங்குவோம். 6, 12, 18. பிறகு 4 சுற்றுகள் 18 கண்ணி. பிறகு 24, 30. அதன்பின் 6 சுற்றுகள் 30 கண்ணி. பிறகு 24, 18, 12, 6 என்று குறைத்து, பஞ்சடைத்து மூடுங்கள்.

கழுத்து: 18 சங்கிலிக் கண்ணிகளை வளையமாக இணைத்து, 6 சுற்றுகள். இரு பக்கமும் திறந்த குழாய் கிடைக்கும். இதற்குள் பஞ்சை நெருக்கமாக அடைக்க வேண்டும். கழுத்து தளர்ந்தால் குதிரை தலை கவிழ்ந்து நிற்கும்.

கால்கள் நான்கு: ஒவ்வொன்றும் 6, 12, பிறகு 10 சுற்றுகள் 12 கண்ணி. காதுகள் இரண்டு: 4, 6, 8; பஞ்சு வேண்டாம்.

சேணம்: 21 சங்கிலி போட்டுத் திரும்பி, 20 கண்ணிகளாக 10 வரிசை. இரு ஓரத்தின் நடுவிலும் 25 சங்கிலி நீளத்தில் ஒரு கயிறு. வயிற்றுக்கடியில் முடிய அதுவே போதும். அதற்குமேல் நீளமான கயிறு வேண்டாம். குழந்தையின் விரலிலோ கழுத்திலோ சிக்கும்.

இறக்கைகள் இரண்டு: 12 சங்கிலி போட்டுத் திரும்பி 11 கண்ணி. பிறகு வரிசைக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே வந்து ஒரு கண்ணியில் முடியுங்கள். முக்கோணம் கிடைக்கும். இதைச் சேணத்தின் மேல் தைத்துவிடுங்கள். சேணத்தை அவிழ்த்தால் இறக்கையும் சேர்ந்து கழன்றுவிடும். பகலில் பறக்கும் குதிரை, இரவில் இறக்கையைக் கழற்றி வைத்துவிட்டு உறங்கும். என் பேத்தி இந்த ஏற்பாட்டை முழுமனத்தோடு ஒப்புக்கொண்டாள்.

பிடரியும் வாலும் வெட்டிய நூல்களே. ஒவ்வொன்றையும் மடித்து, கொக்கியால் இழுத்து முடிந்து, இழுத்துப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். கண்ணுக்குப் பொத்தானோ மணியோ தைக்க வேண்டாம். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை அதைக் கடித்துப் பிய்த்து விழுங்கிவிடும். மூச்சுக்குழலில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. கண் வேண்டுமென்பவர்கள் கறுப்பு நூலால் நான்கு தையல் போடுங்கள்.

கண்ணிக் கணக்கு

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம்.

அந்த வாரம் நாங்கள் இருவரும் குதிரையைப் பின்னிக்கொண்டே ஒரு வேலை செய்தோம். கண்ணிகளைக் கூட்டினோம். உடல் 648. தலை 402. கழுத்து 108. கால்கள் நான்கும் சேர்ந்து 552. காதுகள் 36. இறக்கைகள் 132. சேணம் 200. ஆக மொத்தம் 2,078 கண்ணிகள். சங்கிலிகளும் கயிறுகளும் இதில் சேராது. பழகிய கை நிமிடத்துக்குப் பத்துக் கண்ணி பின்னும் என்று வைத்தாலும் ஏறக்குறைய மூன்றரை மணி நேரம். பஞ்சடைக்க, உறுப்புகளைத் தைக்க, பிடரி வைக்க இன்னும் இரண்டு மணி. புதிதாகக் கற்பவருக்கு இதைப்போல் இரு மடங்கு ஆகும்.

நம் ஆற்றங்கரை ஊர்களில் கைவேலைக்கு எண்ணிக்கை புதிதன்று. பீடிக்குக் கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்பதே கணக்கு. 1966இல் பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்கென வந்த தனிச் சட்டம், வீட்டிலிருந்து சுற்றுபவரையும் தொழிலாளர் என்றே ஏற்றுக்கொண்டது. ஆகவே கூலி குறைந்தால் கேட்க ஓர் அளவுகோலாவது இருந்தது.

மேற்கே பத்தமடைக்குப் போங்கள். தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையைக் கீறி, ஓடும் நீரில் ஊறவைத்து, நம் சமுதாயக் குடும்பங்கள் தலைமுறையாகப் பாய் நெய்து வருகின்றன. 2013இல் அந்தப் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே பாவு எத்தனை என்பதே பாயின் தரம். பாவின் எண்ணிக்கை கூடக் கூடப் பாய் மெலியும், நெய்யும் நாள் கூடும், விலையும் கூடும். பட்டைப்போல் மடியும் பாயைக் கோரைப் பாயின் விலைக்குக் கேட்டால் நெய்தவர் கொடுப்பாரா?

ஆனால் கொக்கி ஊசியைக் கையிலெடுத்த பெண்ணுக்கு மட்டும் எண்ணிக்கை மறந்துவிடுகிறது. சும்மா இருக்கும் நேரத்தில் பின்னியதுதானே என்று அவளே சொல்லிவிடுகிறாள். வாங்குபவர் அதைப் பிடித்துக்கொள்கிறார்.

ஆட்டுக்குட்டியின் கணக்கையும் போட்டோம். நூலுக்கும் பஞ்சுக்கும் அறுபது ரூபாய். பின்னியது மூன்று மாலை. கூட்டிப் பார்த்தால் எட்டு மணி நேரம். கடைக்காரரின் நூற்றிருபதில் அறுபது போக மீதி அறுபது. மணிக்கு ஏழரை ரூபாய். அந்தப் பெண் நோட்டைப் பார்த்தபடி சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்:

“பீடியே கூட வரும் மாமி.”

அவள் ஏன் பீடியை விட்டு வர நினைக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். அவளுடைய உம்மா முப்பது ஆண்டுகள் புகையிலைத் தூளில் கைவைத்தவர். இரவில் அவர் இருமுவது எங்கள் வீட்டுக்குக் கேட்கும். மகளின் மடியில் இப்போது ஒரு கைக்குழந்தை இருக்கிறது. முறத்தருகே அது தவழக் கூடாதென்றுதான் அவள் ஊசியை எடுத்தாள். தூளில்லாத வேலை, நல்ல வேலை. ஆனால் பீடியை விட்டு வந்தவள், பீடிக்கும் குறைந்த கூலியில் போய்ச் சிக்கிக்கொண்டால் எத்தனை நாள் தாங்குவாள்? மீண்டும் முறத்துக்கே திரும்புவாள். அதனால்தான் இந்தக் கணக்கை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆந்திராவின் கோதாவரிக் கரையில் நரசாப்பூர் என்றோர் ஊர். அதைச் சுற்றியுள்ள கிராமங்களில் பெண்கள் குரோஷா லேஸ் பின்னுகிறார்கள். அது கடல் கடந்து விற்பனையாகிறது. ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் அவர்களிடையே தங்கி ஆராய்ந்து, 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் கண்டது இதுதான்: அந்தப் பெண்களில் பலர், வெளியே வேலைக்குப் போகாமல் வீட்டோடு இருப்பதைக் கௌரவமாகக் கருதும் குடும்பத்தினர். நாள்தோறும் பல மணி நேரம் பின்னியும், அவர்களை யாரும் தொழிலாளர் என்று கொள்ளவில்லை. ஓய்வு நேரத்தைக் கழிக்கும் குடும்பப் பெண்கள் என்றே கொண்டனர். அதனால் வயல்வேலைக்குப் போன பெண்ணைவிட அவர்கள் பெற்ற கூலி குறைந்திருந்தது. லாபம் இடைத்தரகருக்கும் ஏற்றுமதியாளருக்கும் போனது. அந்தப் பெண்கள் நம் சமயத்தவர் அல்லர். ஆனாலும் வீட்டுக்குள் இருந்து உழைக்கும் நம் சகோதரிகள் அதில் தம் முகத்தைக் காணலாம். வீட்டுக்குள் இருப்பது நம் ஒழுங்கு. அதைக் காரணம் காட்டி நம் உழைப்பை மலிவாக்க எவருக்கும் உரிமையில்லை. உழைத்தவரின் வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன மார்க்கத்தில், வியர்வை வீட்டுக்குள் சிந்தினால் கணக்கில்லை என்று சொல்லப்படவில்லை.

நாகர்கோவில் பெண்பிள்ளைகளை இப்போது நினைத்துப் பாருங்கள். அவர்களும் பின்னியது நூல்தான். அந்த வருவாய் அவர்கள் கைக்கு வந்ததால் விடுதலை வந்தது. வராவிட்டால், பின்னலும் இன்னோர் அடிமை வேலையாகியிருக்கும்.

இன்னொன்றையும் அறிந்துகொள்ளுங்கள். ஸ்வெட்டரையும் பனியனையும் எந்திரம் பின்னித் தருகிறது. கொக்கி ஊசிப் பின்னலை அப்படிச் செய்து தரும் எந்திரம் சந்தைக்கு வரவில்லை. ஆகவே எந்த ஊர்க் கடையில் எந்தக் குரோஷா பொம்மை தொங்கினாலும், அது யாரோ ஒருவரின் விரல் ஆயிரக்கணக்கான முறை மடங்கி நிமிர்ந்து செய்ததுதான். விலை மிகக் குறைவாக இருந்தால், குறைந்தது அந்த விரலுக்குரிய கூலி.

விற்க நினைப்பவர்களுக்கு

முதல் பொம்மையை உங்கள் பிள்ளைக்கே செய்யுங்கள். ஒரு மாதம் அது கடித்து, இழுத்து, துவைத்து, மீண்டும் இழுத்த பின்னும் பிடரி பிரியாமல் இருந்தால், பிறர் பிள்ளைக்குக் கொடுக்கும் தகுதி உங்கள் கைக்கு வந்துவிட்டது.

ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை கண்ணி, எத்தனை மணி, நூலுக்கு எவ்வளவு என்று ஒவ்வொரு பொம்மைக்கும் எழுதுங்கள். நேரத்துக்கு நீங்கள் வைக்கும் கூலி, உங்கள் கை இப்போது செய்யும் வேறு வேலைக்குக் கிடைப்பதைவிடக் குறையக் கூடாது. மொத்தமாகக் கேட்பவரிடம், நூலையும் பஞ்சையும் நீங்களே தாருங்கள் என்று சொல்லுங்கள். பணம் முடங்குவது அவருடையதாக இருக்கட்டும்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். பதினான்கு வயதுக்குட்பட்ட சிறுவர்களின் விளையாட்டுப் பொருள்களுக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாக்கப்பட்டது. மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்துகொண்ட கைவினைஞர்கள் செய்து விற்பவற்றுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. ஆகவே விற்பனை தொடங்குமுன் கைவினைஞராகப் பதிந்து, அடையாள அட்டை பெற்றுக்கொள்வது நல்லது. கடைக்காரர் பெயரில் அல்ல, உங்கள் பெயரில்.

அந்தப் பெண் என்ன செய்தாள் என்று கேட்பீர்கள். கண்ணிக் கணக்கு எழுதிய தாளை எடுத்துக்கொண்டு, கணவரையும் அழைத்துக்கொண்டு கடைக்குப் போனாள். பொம்மைக்குக் கூடவா கணக்கு என்று கடைக்காரர் சிரித்தாராம். கூலியை உயர்த்த ஒப்பவில்லை. நூலும் பஞ்சும் தாமே தருவதாகக் கடைசியில் ஒத்துக்கொண்டார். நூற்றிருபதும் அப்படியே கைக்கு வந்தால் மணிக்குப் பதினைந்து ரூபாய். அதுவும் குறைவே என்று சொல்லி, இருபது கேட்டவரிடம் மூன்று மட்டும் ஏற்றுக்கொண்டு வந்திருக்கிறாள். தெருவில் இரண்டு வீட்டார் நேரடியாகக் கேட்டிருக்கிறார்கள். அவர்களிடம் தன் கணக்குப்படி விலை சொல்லியிருக்கிறாள். ஒருவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். மற்றவர் முன்பணம் கொடுத்துவிட்டார். பீடி முறம் இன்னும் திண்ணையில்தான் இருக்கிறது. ஆனால் அதன் பக்கத்தில் நூல் உருண்டையும் இருக்கிறது.

சாரம் கட்டிய ஆட்டுக்குட்டியை அவள் விற்கவில்லை. அது அவளுடைய பிள்ளைக்கு. சென்ற வெள்ளிக்கிழமை அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். உருவம் ஆகாது என்று சொன்ன மாமியார் தொட்டிலருகே அமர்ந்திருந்தார். பிள்ளை உருட்டி உருட்டி அவிழ்த்துவிட்ட சாரத்தை, சரியாக மடித்து மீண்டும் கட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், “சாரம் அவுந்து கெடந்தா நல்லாவா இருக்கு?” என்றார்.

உங்கள் ஊர்க் குதிரைகளுக்கு எத்தனை கண்ணி ஆயிற்று என்று எழுதுங்கள். வஸ்ஸலாம்.